போட்டாச்சா, போடணுமா?

கூட வேலை பார்த்த ஒரு சிஸ்டரின் பணி ஓய்வு விழாவுக்காகப் புதுக்கோட்டைக்குப் போயிருந்தேன். பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்த சின்ன வயது நர்ஸ், தன் ஆஸ்பத்திரியில் புதிதாகக் கொடுத்திருக்கும் டேப் என்ற சிலேட்டு மாதிரிக் கம்ப்யூட்டரைப் பற்றிச் சொல்லிக்கொண்டே சாப்பிட்டாள். மருந்தின் பெயரை விரலால் தொட்டால் போதுமாம். கொடுத்தாயிற்று என்று அதுவே இங்கிலீஷில் எழுதிக்கொள்ளுமாம்.

"ஒங்க காலத்துல வெர்ப் எல்லாம் மனப்பாடம் பண்ணச் சொல்லுவாங்களாமே சிஸ்டர், நெசமா? கமலவேணி சிஸ்டர்னு ஒருத்தங்க இருந்தாங்களாமே."

நான் சிரித்தேன். ஆனால் அந்தப் பெயரைக் கேட்டதும் இலையில் இருந்த கை நின்றுவிட்டது. ரசத்துக்குக் குழி பறித்தபடியே அந்தப் பெண் "சொல்லுங்களேன்" என்றாள். பந்தியில் வைத்துச் சொல்லக்கூடிய விஷயமாக எனக்குத் தோன்றவில்லை. பிறகு சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். அவளுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நான் கந்தர்வக்கோட்டைப் பக்கம் ஒரு முந்திரிக்காட்டு ஊர்க்காரி. பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழிப் படிப்பு. நர்சிங் பள்ளியில் சேர்ந்ததும் எல்லாம் இங்கிலீஷ். எலும்புகளின் பெயர்களையும் மருந்துகளின் பெயர்களையும் இரண்டே மாதத்தில் உருப்போட்டுவிட்டேன். பெயர்களுக்கு நான் பயந்ததே இல்லை. தொடை எலும்பு நேற்றும் ஃபீமர், நாளைக்கும் ஃபீமர். வினைச்சொல்தான் என்னைப் படாதபாடு படுத்தியது. விடைத்தாளில் வினைச்சொல் வரும் இடத்தையெல்லாம் கோடு போட்டு விட்டுவிட்டுப் பெயர்களை மட்டும் எழுதித் தேறினேன். வேலைக்கு வந்த பிறகும் முதல் சில வருஷங்கள் அப்படியே ஓடின. கேஸ் ஷீட்டில் மருந்தின் பெயரையும் அளவையும் எழுதிக் கையெழுத்துப் போட்டால் யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள்.

கடலோரத் தாலுகா ஆஸ்பத்திரி ஒன்றுக்கு மாற்றலாகி, பிரசவ வார்டில் சேர்ந்த பிறகுதான் கேட்டார்கள்.

கமலவேணி சிஸ்டர் அங்கே நர்சிங் சூப்பிரண்டென்ட். ஒடிசலான உடம்பு. நடந்து வந்தால் சத்தமே கேட்காது. யாரையும் அதட்டிப் பேசி நான் பார்த்ததில்லை. வார்டு கூட்டும் அம்மாவைக்கூட "நீங்க, வாங்க" என்றுதான் சொல்வார். கோபம் ஏற ஏறக் குரல் இறங்கும். ரொம்பக் கோபம் என்றால் உதடு மட்டும் அசையும். நாம் குனிந்து காதைக் கொடுக்க வேண்டும்.

காலையில் டியூட்டி மாறும்போது ஒவ்வொரு கட்டிலாக நிற்பார். இரவு பார்த்தவர் ஷீட்டை வாசிக்க வேண்டும், பகல் பார்க்க வந்தவர் கேட்டுக்கொள்ள வேண்டும். முதல் இரவு டியூட்டி முடிந்த காலையில் நான் வாசித்தேன். "ஸ்டார்ட் டிரிப்" என்று வாசித்ததுமே ஷீட்டின் மேல் ஒரு விரலை வைத்தார்.

"இது யாரு எழுதுனது?"

"நாந்தான் சிஸ்டர்."

"டிரிப் போட்டாச்சா, போடணுமா?"

"போட்டாச்சு சிஸ்டர். ஓடிக்கிட்டிருக்கு பாருங்க."

"நான் பாக்கல. ஷீட்டதான் பாக்குறேன். ஷீட்டுல போடணும்னு இருக்கு. இவங்க வந்து இன்னொன்னு போடவா?"

பகல் டியூட்டி நர்ஸ் தலையைக் குனிந்துகொண்டாள். அந்தக் கட்டிலில் படுத்திருந்த பெண் பயந்துபோய் என் முகத்தைப் பார்த்தாள்.

அன்று சாயங்காலமே என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டு அவருடைய சட்டத்தைச் சொன்னார். டாக்டர் எழுதுவது வேலை. அது மொட்டையாக இருக்கும். ஸ்டார்ட், ஸ்டாப், இன்ஜெக்ட், மானிட்டர். நர்ஸ் எழுதுவது முடித்த வேலை; அதற்குக் கடைசியில் ஈ-டி என்று வால் இருக்க வேண்டும். ஸ்டார்ட்டட், ஸ்டாப்ட், இன்ஜெக்டட். இன்னும் நடந்துகொண்டிருந்தால் ஐ-என்-ஜி. வால் இல்லாத சொல்லைப் பார்த்தால் அது இனிமேல் செய்ய வேண்டிய வேலை, வேறு அர்த்தமே கிடையாது.

கிவ் என்ற சொல்லை அவர் வார்டில் எழுதவே கூடாது. அது கேவ் ஆகும், கிவன் ஆகும், ஆளுக்கொரு மாதிரி எழுதுவார்கள். புட் அதைவிட மோசம். நேற்றுப் போட்டாலும் புட், நாளைக்குப் போடச் சொன்னாலும் புட். "அந்த வார்த்தய நம்பி ஒரு உசுர விட முடியாது" என்பார். ஒழுங்காக ஈ-டி ஏற்றுக்கொள்கிற சொற்களை மட்டும் பொறுக்கி எங்களுக்குக் கொடுத்திருந்தார். ஸ்டாப்புக்கு ஈ-டி போடும்போது பி இரட்டிக்கும். அட்மிட்டுக்கு டி இரட்டிக்கும், வாமிட்டுக்கு இரட்டிக்காது. தப்பாக எழுதினால் கட்டிலின் கால்மாட்டில் நின்று, நோயாளிகள் கேட்க, மூன்று வடிவத்தையும் சொல்ல வேண்டும். குழந்தை பெற்று வாரக்கணக்கில் கிடந்த ஒரு பெண், நான் எழுதுவதைப் பார்த்துவிட்டு, "ஈடி போட்டுட்டியளா சிஸ்டர்? அந்தா, வாராங்க" என்று எச்சரித்ததும் உண்டு.

இத்தனை கெடுபிடி எதற்கு என்று எங்களுக்குள் பேசிக்கொள்வோம். முன்னால் வேலை பார்த்த இடத்தில் ஏதோ நடந்திருக்க வேண்டும் என்பார்கள். எனக்குத் தெரியாது. கேட்கத் துணிந்ததில்லை. கேஸ் ஷீட்டில் தமிழ் எழுதவும் அவர் விட்டதில்லை. கனவில்கூட நான் ஈ-டி போட்டுக்கொண்டிருந்தேன். ஆனால் சில வருஷத்தில் அந்தச் சட்டம் என் கைக்கு ஏறிவிட்டது. வால் இருந்தால் முடிந்தது, வால் இல்லாவிட்டால் செய். யோசிக்கவே வேண்டியதில்லை.

யோசிக்காமல் செய்வது எவ்வளவு பயங்கரம் என்பதை ஒரு ஐப்பசி மாத மத்தியானத்தில் தெரிந்துகொண்டேன்.

மூன்று நாளாக அடைமழை. மணமேல்குடிப் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையம் ஒன்றிலிருந்து ஆம்புலன்ஸ் வந்தது. கார்த்திகா என்று ஒரு பெண், தலைப்பிரசவம், நிறைமாதம். முகமும் காலும் நீர் கோத்து வீங்கியிருந்தன. வீட்டில் ஒரு தடவை வலிப்பு வந்திருக்கிறது. நாக்கைக் கடித்து, வாயோரம் ரத்தம் உறைந்திருந்தது. கூப்பிட்டால் கண் திறக்கவில்லை. கூட வந்தது அவளுடைய நாத்தனார் மல்லிகா மட்டும். புருஷன் கடலுக்குப் போயிருந்தான்.

இந்த வலிப்புக்கு மக்னீசியம் சல்ஃபேட் என்ற ஊசி போடுவோம். முதலில் நரம்பில் மெதுவாக ஓர் அளவு; பிறகு இரண்டு பக்க இடுப்பிலும் ஆழமாக ஒவ்வொன்று. மூன்றும் சேர்ந்தால்தான் முதல் டோஸ். அதைப் போடாவிட்டால் அடுத்த வலிப்பில் தாயும் பிள்ளையும் போகலாம். அளவு மீறிப் போட்டுவிட்டால் முதலில், தட்டினால் முழங்கால் துள்ளுவது நின்றுபோகும், அடுத்து மூச்சே நின்றுபோகும். இருக்கும் மருந்துகளில் நான் மிகவும் பயந்த மருந்து இதுதான்.

சுகாதார நிலையத்து நர்ஸ் கொடுத்தனுப்பிய தாளைப் பார்த்தேன். அழகான கையெழுத்து. வலிப்பு வந்ததைக் கன்வல்ஸ்ட் என்று எழுதியிருந்தது, ஈ-டியோடு. மூத்திரக் குழாய் வைத்ததற்குக் கதீட்டர் இன்சர்ட்டட், அதற்கும் ஈ-டி. டிரிப் ஸ்டார்ட்டட். கடைசி வரியில் மட்டும் 'இன்ஜெக்ட்', பக்கத்தில் மக்னீசியத்தின் முழு அளவு. வால் இல்லை.

இங்கே வந்து போடச் சொல்லியிருக்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டேன். ஆம்பூல்களை உடைத்துச் சிரிஞ்சில் ஏற்ற ஆரம்பித்தேன்.

டாக்டரம்மா பக்கத்துத் தியேட்டரில் இன்னொரு பெண்ணுக்கு வயிற்றைத் திறந்து ஆபரேஷனில் நின்றிருந்தார். கதவைக் கொஞ்சம் திறந்து கேஸைச் சொன்னேன். அவர் தலையைத் திருப்பவில்லை.

"முதல் டோஸ் போயிருக்கா?"

"போடச் சொல்லி எழுதியிருக்காங்க மேடம்."

"நல்லாக் கேட்டுக்கங்க. போகலைன்னா ஒடனே போடுங்க. போயிருந்தா தொடாதீங்க. நான் இத விட்டுட்டு வர முடியாது."

திரும்பி வந்தபோது கமலவேணி சிஸ்டர் கட்டிலருகே நின்று அந்தத் தாளை வாசித்துக்கொண்டிருந்தார். என் கையில் இருந்த சிரிஞ்சைப் பார்த்தார். உதடு மட்டும் அசைந்தது. நான் குனிந்தேன்.

"நில்லுங்க."

"ஈடி இல்ல சிஸ்டர். ஆர்டர்தான். நீங்கதானே சொல்லிக்குடுத்தீங்க."

"நான் ஒங்களுக்குச் சொல்லிக்குடுத்தேன். இத எழுதுன புள்ளைக்கு யாரு சொல்லிக்குடுத்தா?"

கையில் பிடித்திருந்த சிரிஞ்ச் அந்த நொடியில் கனத்தது. அதைத் தட்டில் வைத்தேன். வைக்கும்போது மற்றதில் மோதிச் சத்தம் கேட்டது.

"எல்லாத்துக்கும் ஈடி போட்ட புள்ள. இதுக்கு மட்டும் ஏன் போடல?" என்று அவர் தனக்குத்தானே கேட்டுக்கொண்டார்.

மல்லிகாவை உள்ளே கூப்பிட்டேன். "அங்க ஊசி போட்டாங்களா?"

"போட்டாங்க சிஸ்டர்."

"எத்தன ஊசி? எங்க போட்டாங்க?"

"கையில ஒண்ணு போட்டாங்க. அப்பறம் திருப்பிப் படுக்க வச்சாங்க. அதுக்குள்ள வண்டி வந்துருச்சான்னு பாக்க நான் வெளிய ஓடிட்டேன். எனக்கு என்னா ஊசின்னு எப்புடிங்க தெரியும்? ஏன் சிஸ்டர், தப்பா போட்டுட்டாங்களா?"

ஆம்புலன்ஸ்காரர் தான் போனபோது பெண்ணை ஸ்டிரெச்சரில் ஏற்றி வைத்திருந்தார்கள் என்றார். அதற்கு முன்னால் நடந்தது அவருக்குத் தெரியாது. சுகாதார நிலையத்துக்குப் போன் போட்டேன். மணி அடிக்கவே இல்லை. தாளில் எழுதியிருந்த நர்ஸின் செல் நம்பரும் அணைந்து கிடந்தது.

கார்த்திகாவை இரண்டு பேருமாகப் பக்கவாட்டில் திருப்பினோம். இடது இடுப்பில் ஊசித் துளையும் அதைச் சுற்றித் தடிப்பும் நன்றாகத் தெரிந்தன. வலது இடுப்பில் ஒரு கீறல், கொஞ்சம் ரத்தம். தடிப்பு இருக்கிறதா இல்லையா என்று விரலால் அழுத்தி அழுத்திப் பார்த்தும் எங்களால் சொல்ல முடியவில்லை. மூத்திரப் பையில் அடியில் கொஞ்சம்தான் இருந்தது. அது எனக்குக் கூடுதல் பயம். மூத்திரம் இறங்காவிட்டால் மருந்து உடம்பிலேயே தங்கும். முழங்காலுக்குக் கீழே தட்டினேன். கால் துள்ளியது.

சிஸ்டரே தியேட்டர் வாசலுக்குப் போய்ப் பார்த்ததை எல்லாம் சொன்னார். டாக்டரம்மாவின் குரல் எனக்கும் கேட்டது.

"முழுசாப் போட வேணாம். மறுபடி ஃபிட்ஸ் வந்தா மட்டும் நரம்புல கொஞ்சமா, மெதுவா குடுங்க. கால்சியத்த ஏத்தி பக்கத்துல வச்சிக்கங்க. மூச்ச விட்டுக் கண்ண எடுக்காதீங்க."

மக்னீசியம் மீறிப்போனால் அதை முறிக்கும் மருந்து கால்சியம்தான். அதைச் சிரிஞ்சில் ஏற்றி வைத்துவிட்டுக் காத்திருந்தோம். என் வேலைக்காலத்தில் அதைப் போல ஒரு காத்திருப்பு வேறு இல்லை. மருந்து போகாமல் இருந்தால், சும்மா நின்றே ஒரு பெண்ணைக் கொன்றுகொண்டிருக்கிறோம். போயிருந்தால், நான் நிரப்பி வைத்த சிரிஞ்சுகள் அவளைக் கொன்றிருக்கும். எது நிஜம் என்று அவள் உடம்புக்கு மட்டும்தான் தெரியும். மழை தகரக் கூரையில் அடித்த சத்தத்தில் அவள் மூச்சு எனக்குக் கேட்கவில்லை. நெஞ்சில் கையை வைத்துத்தான் எண்ணினேன்.

வலிப்பு வந்தது. முதலில் கண் ஒரு பக்கமாக இழுத்தது, பிறகு உடம்பு முழுவதும் வெட்டியது. நான் தலையைப் பக்கவாட்டில் திருப்பிப் பிடித்துக்கொண்டேன். கமலவேணி சிஸ்டர் மருந்தைத் துளித்துளியாக ஏற்றினார். வலிப்பு அடங்கியது. மல்லிகா கதவிடுக்கில் நின்று, "ஆத்தா, ஆத்தா" என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.

கொஞ்ச நேரத்தில் முழங்காலைத் தட்டினேன். கால் அசையவில்லை. மறு காலைத் தட்டினேன். அதுவும் கிடந்தது.

"சிஸ்டர்..."

"மூச்சு?"

நெஞ்சு ஏறி இறங்கியது. அடுத்தது வருவதற்குள் எனக்கு உயிர் போய் வந்தது. அதற்கடுத்தது இன்னும் தாமதித்தது. நான் காற்றுப் பையை எடுத்து முகமூடியை அவள் மூக்கிலும் வாயிலும் அழுத்தி வைத்து அமுக்க ஆரம்பித்தேன். சிஸ்டர் கால்சியத்தை எடுத்தார். அவசரமாக ஏற்றினால் இதயம் நிற்கும். அதையும் மெதுவாகத்தான் ஏற்ற வேண்டும். அவர் கட்டைவிரல் நகர்கிறதா என்றே எனக்குச் சந்தேகம் வந்தது. தள்ளுங்க, தள்ளுங்க என்று கத்த வேண்டும் போலிருந்தது. என் பக்கம் திரும்பாமலே, "நீங்க அமுக்குங்க, நான் பாத்துக்கிறேன்" என்றார். சத்தமாகவே சொன்னார். அவர் குரல் அப்படி உயர்ந்து நான் கேட்டது அதுதான் முதல் முறை.

பையை அமுக்கும் கைக்கு எதிராக ஏதோ லேசாகத் தள்ளுவது போல இருந்தது. அவளே மூச்சை இழுத்தாள். மறுபடி இழுத்தாள். டாக்டரம்மா ரத்தக் கறையோடு ஓடி வந்து ஸ்டெதஸ்கோப்பை வைத்தபோது அவள் தானாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள்.

அன்று சாயங்காலமே ஆபரேஷன் செய்து பிள்ளையை எடுத்தார்கள். பெண் குழந்தை, எடை குறைவு. அழத் தாமதித்துப் பிறகு அழுதது. புதுக்கோட்டைக்கு அனுப்பிக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துப் பிழைக்க வைத்தார்கள். கார்த்திகாவுக்கும் விடிவதற்குள் நினைவு திரும்பியது.

எல்லாம் ஓய்ந்த பிறகு கமலவேணி சிஸ்டர் டியூட்டி அறையில் உட்கார்ந்து, எனக்கு வாங்கி வைத்திருந்த டீயை எடுத்துக் குடித்துவிட்டார். அவருக்குச் சர்க்கரை உண்டு. இனிப்பு டீ என்பதையே அவர் கவனிக்கவில்லை. நிரப்பியபடி தட்டில் கிடந்த என் சிரிஞ்சுகளைப் பார்த்துக்கொண்டே குடித்தார். நான் அவற்றை எடுத்துத் தொட்டியில் பீய்ச்சினேன். முழு டோஸும் அதில் இருந்தது.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் அந்தச் சுகாதார நிலையத்து நர்ஸ் வந்தாள். பெயர் தேன்மொழி. வேலைக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. சீருடை முழங்கால் வரை நனைந்திருந்தது. வார்டு வாசலில் என்னைப் பார்த்ததும், "உசுரோட இருக்காங்களா?" என்றுதான் கேட்டாள். இருக்கிறாள் என்றதும் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

சிஸ்டரின் அறைக்கு நானே கூட்டிப் போனேன். அவளையும் கட்டிலின் கால்மாட்டில் நின்று மூன்று வடிவமும் சொல்லச் சொல்லப் போகிறார் என்று நினைத்தேன்.

"ஒக்காருங்க. எவ்வளவு போச்சு?" என்று கேட்டார் சிஸ்டர்.

"நரம்புல போட்டது முழுசாப் போச்சு சிஸ்டர். எடது பக்கமும் முழுசாப் போச்சு. வலது பக்கம் போட்டுக்கிட்டு இருக்கப்பவே ஃபிட்ஸ் வந்துருச்சு. ஊசி வெளிய வந்துருச்சு. பாதி போச்சோ, அதுக்கும் கம்மியோ, தெரியல. மீதி பெட்டுல கொட்டிருச்சு."

"பின்ன ஏன் அப்படி எழுதுனீங்க?"

"இன்ஜெக்டட்னு எழுதத்தான் போனேன். முழுசாப் போடலையே, எழுதுனா பொய்யாயிருமேன்னு பயமாயிருச்சு. வண்டிக்காரரு ஹாரன் அடிக்கிறாரு. பாதி போட்டதுக்கு இங்கிலீஷ்ல எப்புடி எழுதுறதுன்னு எனக்குத் தெரியல சிஸ்டர். அதான் ஈடி போடாம விட்டுட்டேன். போன்ல சொல்லிரலாம்னு நெனச்சேன். கரண்டு இல்ல, செல்லு ஆஃப் ஆயிருச்சு."

கமலவேணி சிஸ்டர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"நானும் யாருக்கும் அதச் சொல்லிக்குடுத்ததில்ல" என்றார். "போட்டாச்சு, போடணும், ரெண்டுதான் சொல்லிக்குடுத்தேன்." பிறகு, "இனிமே இந்த மாதிரி ஆனா தமிழ்ல எழுதுங்க. பாதி உள்ள போச்சு, மீதி கொட்டிருச்சுன்னு எழுதுங்க. யாரு கேட்டாலும் நான் சொன்னேன்னு சொல்லுங்க" என்றார்.

"மெமோ வருமா சிஸ்டர்?"

"வரும். வாங்கிக்கங்க."

மெமோ வந்தது. தேன்மொழி விளக்கம் எழுதிக் கொடுத்தாள். வேலை போகவில்லை. எங்கள் வார்டிலும் காலையில் ஒரு கேள்வி கூடிவிட்டது. ஈ-டி இருந்தால்கூட விரலை வைத்து, "எவ்வளவு உள்ள போச்சு?" என்று சிஸ்டர் கேட்பார். கமலவேணி சிஸ்டர் மேல் எனக்கிருந்த பயம் அன்றோடு போய்விட்டது. அந்த இடத்தில் வேறொரு பயம் வந்து உட்கார்ந்தது. ஓய்வு பெறும் நாள் வரை, பிறர் எழுதிய எந்த வார்த்தையையும் நோயாளியைத் தொட்டுப் பார்க்காமல் நான் நம்பியதில்லை. பந்தியில் அந்தப் பெண் சிஸ்டரின் பெயரைச் சொன்னபோது என் கை நின்றதற்கும் அதுதான் காரணம். பாதி போனதைத் தொட்டுக் காட்ட அவளுடைய டேபில் இடம் இருக்கிறதா என்று அவளிடம் கேட்க வேண்டும்.

அன்று பஸ் ஏறுவதற்கு முன்னால் தேன்மொழி கார்த்திகாவைப் பார்க்க வேண்டும் என்றாள். கூட்டிப் போனேன். கட்டிலருகே வந்து நின்றாள். கார்த்திகாவுக்கு நாக்கு வீங்கியிருந்ததால் சொற்கள் குழறின.

"யாரு இவங்க?"

மல்லிகாதான் சொன்னாள். "அங்கிட்டு ஆஸ்பத்திரில ஒனக்கு ஊசி போட்ட சிஸ்டர்டி."

"எனக்கு ஒண்ணும் நெனப்பு இல்லயே" என்றாள் கார்த்திகா. தேன்மொழியின் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். வந்தவளுக்கு நல்லதாக ஏதாவது சொல்ல வேண்டும் என்று நினைத்திருப்பாள் போல. கையை நீட்டி அவள் விரல்களைப் பிடித்துக்கொண்டு, "வலிக்கவே இல்ல சிஸ்டர்" என்றாள்.

தேன்மொழி அதற்குப் பிறகுதான் அழுதாள்.